ஹார்மோன் ஊசி போட்ட இடம் பழுக்காம பாத்துக்கிறது எப்படி? வீட்டுல ஊசி போட்டுக்கிறவங்களுக்கு முழு வழிகாட்டி

ஹார்மோன் ஊசின்னு தலைப்பைப் பாத்ததும் இது நமக்கில்லன்னு பாதிப்பேர் தாண்டிப் போயிருவீங்க, கொஞ்சம் நில்லுங்க. சுகருக்கு தினமும் போட்டுக்கிற இன்சுலின் ஒரு ஹார்மோன்தான். குழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுக்கிற பொண்ணுங்களுக்கு பின்பக்கத்துல போடுற புரோஜெஸ்டிரான், ஐவிஎஃப்ல வயித்துல போடுற ஊசிங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மூணு மாசத்துக்கு ஒருக்கா இலவசமா போடுற அந்தரா கருத்தடை ஊசி, திருநம்பிகளும் ஹார்மோன் கம்மியா சுரக்கிற ஆம்பளைங்களும் எடுத்துக்கிற டெஸ்டோஸ்டிரான், திருநங்கைகள் எடுத்துக்கிற ஈஸ்ட்ரோஜன், எல்லாமே இதுல அடக்கம். நம்ம காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் எந்தத் தெருவுல பாத்தாலும் ஒரு வீட்டுலயாவது இதுல ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டுதான் இருக்கும்.

நான் இந்தப் பக்கம் நர்ஸ் வேலை பாக்குறேன், வீடுகளுக்குப் போயும் ஊசி போடுறேன். பழுத்துப்போன இடங்களோட வர்றவங்களைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது, ஏன்னா அதுல முக்காவாசி வராம தடுத்திருக்கலாம், மீதியும் ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா மாத்திரையோட முடிஞ்சிருக்கும். அந்த ரெண்டு நாள் ஏன் வராம இருந்தாங்கன்னு கேட்டா பதில் எப்பவும் ஒண்ணுதான், வெளிய சொல்ல கூச்சம். மாமியாருக்குத் தெரியக்கூடாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது, டாக்டர் என்ன கேப்பாரோ. அதனால ஊசி சுத்தம் பத்தி எவ்வளவு எழுதுறேனோ அதே அளவு இந்தக் கூச்சத்தைப் பத்தியும் எழுதப்போறேன்.

முதல்ல, எப்படி பழுக்குதுன்னு புரிஞ்சுக்கங்க

நம்ம தோல் மேல எப்பவும் கிருமி இருக்கும், குளிச்சாலும் இருக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ரெண்டு வகை முக்கியமானது. தோல் மூடியிருக்கிறவரைக்கும் அதுங்களால பெரிய தொல்லை இல்ல. ஊசி அந்தத் தோலைத் துளைச்சு உள்ள போகும்போது மேல இருந்த கிருமியையும் சேத்து சதைக்குள்ள கொண்டுபோய் விட்டுருது. பெரும்பாலும் உடம்பே அதைச் சமாளிச்சிரும். ஆனா எண்ணெயில கரைச்ச ஹார்மோன் ஊசியில ஒரு சங்கதி இருக்கு. டெஸ்டோஸ்டிரான், ஈஸ்ட்ரடையால் வேலரேட், புரோஜெஸ்டிரான் இதெல்லாம் எண்ணெயில வருது, அது சதைக்குள்ள ஒரு குட்டையா தேங்கி நின்னு நாள்கணக்குல, வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கரையணும், அப்பத்தான் மருந்து வேலை செய்யும். அந்த எண்ணெய்க் குட்டைக்கு உள்ள ரத்த ஓட்டம் கிடையாது, வெள்ளை அணுக்கள் சுலபமா எட்டாது, அங்க போய் ஒளிஞ்ச கிருமிக்கு நல்ல வசதி. அதனாலதான் சாதாரண ஊசியைவிட எண்ணெய் ஊசிக்கு சுத்தம் இன்னும் ஒரு படி கூட வேணும்னு சொல்றோம்.

இன்னொரு வகைக் கிருமி இருக்கு, இதைப் பத்தி வெளிய யாரும் பேசுறதே இல்ல. டிபி கிருமியோட குடும்பத்தைச் சேந்தது, ஆனா டிபி இல்ல, ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டிக்கிறதும் இல்ல. அது இருக்கிற இடம் தண்ணி. குழாய்த் தண்ணி, போர் தண்ணி, மாடித் தொட்டி, பைப்போட உள்பக்க வழுவழுப்பு, இங்கெல்லாம் இருக்கும், குளோரினுக்கும் அவ்வளவு சீக்கிரம் சாகாது. ஊசியில, மருந்து பாட்டில் மூடியில, பஞ்சுல ஒரு சொட்டு தண்ணி பட்டுச்சுன்னா அது வழியா உள்ள போயிரும். இதோட குணம் என்னன்னா உடனே காட்டாது, ஊசி போட்டு பல வாரம் கழிச்சு, சிலருக்கு மாசக்கணக்குல கழிச்சு, மறந்தே போன இடத்துல ஒரு கட்டி கிளம்பும். இதைப் பத்தி கீழ திரும்பவும் சொல்றேன், ஏன்னா இது வந்தவங்க ஏகப்பட்ட நாள் தப்பான மருந்து சாப்பிட்டு அலையிறாங்க.

சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க, புகை பிடிக்கிறவங்க, இவங்களுக்கு பழுக்கிற வாய்ப்பு கூட. சர்க்கரை ஏறிக்கிடந்தா வெள்ளை அணுக்கள் ஒழுங்கா வேலை செய்யாது, அதனால ஊசி சுத்தமா போடுறதோட சுகரையும் பாத்துக்கணும்.

மருந்து வாங்குறது, வைக்கிறது

பில்லோட வாங்குங்க. லேபிள்ல பேட்ச் நம்பர், காலாவதி தேதி, கம்பெனி பேரு இருக்கணும். ஜிம் பக்கம் கைமாத்தா வர்ற, லேபிள் இல்லாத, இல்லாட்டி வீட்டுல பிரிண்ட் எடுத்து ஒட்டுன மாதிரி லேபிள் உள்ள பாட்டிலைத் தயவுசெஞ்சு தொடாதீங்க தம்பிங்களா. அது எங்க காய்ச்சுனது, எதுல வடிகட்டுனதுன்னு யாருக்கும் தெரியாது, மருந்துக்குள்ளயே கிருமி இருந்தா நீங்க வெளிய எவ்வளவு துடைச்சும் ஒரு பிரயோஜனமும் இல்ல.

மருந்து ரெண்டு வடிவத்துல வரும், ஆம்பூல், வயல். ஆம்பூல்னா கழுத்தை உடைக்கிற கண்ணாடிக் குப்பி, உடைச்சா அது ஒரே தடவைக்குத்தான். டாக்டர் பாதி டோஸ் எழுதியிருக்காரு, மீதி பாதி வீணாப்போகுதேன்னு சிரிஞ்சுல உறிஞ்சு மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சு அடுத்த தடவை போடுற பழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு. காசு கஷ்டம் எனக்குப் புரியுது, மருந்து சும்மா வரல. ஆனா அந்த மீதி பாதியால வர்ற சீழ்க்கட்டியைக் கீறி, டெய்லி கட்டு மாத்தி, வேலைக்கு லீவு போட்டு, அதுக்கு ஆகுற செலவை நெனச்சுப் பாருங்க. டோஸை ஆம்பூல் அளவுக்கு ஏத்த மாதிரி நாள் இடைவெளியை மாத்தி எழுத முடியுமான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, பல சமயம் முடியும்.

வயல்னா ரப்பர் மூடி போட்டது. பல டோஸ் எடுக்கிற வயலைத் திறந்த தேதியை பேனாவால மேல எழுதி வைங்க, கம்பெனி வேற மாதிரி சொல்லலைன்னா 28 நாள்தான் கணக்கு. ஊறுகாய் ஜாடியில ஈரக் கரண்டி போட்டா என்ன ஆகும்னு நம்ம வீட்டு ஆச்சிமாருக்கு சொல்லித்தரவா வேணும், வயலும் அப்படித்தான், ஒருக்கா அழுக்கு ஊசி உள்ள போனா அப்புறம் எடுக்கிற எல்லா டோஸும் அழுக்கு. அதுனால ஒவ்வொரு தடவையும் புது ஊசி, புது சிரிஞ்சு. ஒரு வயலை ரெண்டு பேர் பங்கு போடவே கூடாது, ஒரே வீட்டுக்குள்ள இருந்தாலும் சரி. இன்சுலின் பேனாவும் அதேதான், நீடில் மாத்திட்டா போதும்னு நெனக்கிறாங்க, ஆனா போடும்போது துளி ரத்தம் பேனாவுல மருந்து இருக்கிற கார்ட்ரிட்ஜுக்குள்ள பின்னாடி போக முடியும், அப்பா பேனாவை அம்மா எடுக்கக்கூடாது.

சூடு பத்தி ஒரு வார்த்தை. சித்திரை வைகாசியில நம்ம ஊரு வெயில் தெரியும்ல. படைப்புக்கும் சாந்திக்கும் கல்யாணத்துக்கும் சென்னையில இருந்து, கோயம்புத்தூர்ல இருந்து கார்ல வர்றவங்க மருந்தை டேஷ்போர்டுல போட்டுட்டு வராதீங்க. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில இருக்கணும், ஃப்ரீசர்ல வைக்கக்கூடாது, ஐஸ் மேல நேரா படக்கூடாது. எண்ணெய் ஹார்மோன்களை ஃப்ரிட்ஜ்ல வைக்கத் தேவையில்ல, டப்பாவுல போட்டிருக்கிற டிகிரியைப் பாத்து குளிர்ச்சியான இருட்டு அலமாரியில வச்சா போதும். எண்ணெய் கெட்டியா இருக்குன்னு ஆம்பூலை வெந்நித் தம்ளருக்குள்ள முக்குறாங்க பாருங்க, அதை விட்டுருங்க, மேல சொன்ன தண்ணிக் கிருமி வர்றதுக்கு அது நேர் வழி. உள்ளங்கையில வச்சு ரெண்டு நிமிஷம் உருட்டுங்க, போதும்.

இன்னொண்ணு, சஸ்டனான் மாதிரி சில ஊசிங்க கடலை எண்ணெயில கரைச்சது. கடலை அலர்ஜி இருக்கிறவங்க டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லணும்.

எங்க உக்காந்து போடுறது

பெரிய வீட்டுக்காரங்க வீட்டு நடுவுல இருக்கிற வளவுல வெளிச்சம் நல்லா வருதுன்னு அங்கயே உக்காந்துருவாங்க. முற்றம் திறந்து கிடக்கு, காத்துல தூசி, மேல புறா, ஊசி போடுறதுக்கு அது இடமில்ல. பூட்டிக் கிடந்த வீட்டை விசேஷத்துக்குத் திறந்து கூட்டி அள்ளுற அன்னைக்கு அந்த வீட்டுல ஊசியே போடாதீங்க, தூசி அடங்க நேரமாகும். சின்ன ரூமா பாத்து கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஒரு மேசையை சோப்புத் தண்ணி போட்டுத் துடைச்சு காயவிட்டு, மேல சுத்தமான துணியோ பேப்பரோ விரிச்சு, தேவையானதை எல்லாம் எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க. நடுவுல எந்திரிச்சுப் போய் ஒண்ணு எடுத்துட்டு வந்தா கையைத் திரும்பக் கழுவணும், அதுக்கு சோம்பேறித்தனப்படுவோம், அங்கதான் தப்பு நடக்கும்.

எடுத்து வைக்க வேண்டியது: மருந்து, கவர் பிரிக்காத சிரிஞ்சு, ரெண்டு ஊசி, தனித்தனி பாக்கெட்டுல வர்ற ஆல்கஹால் ஸ்வாப் (ஆல்கஹால்ல நனைச்ச, தோலைத் துடைக்கிற துண்டு) மூணு நாலு, காஞ்ச பஞ்சோ காஸ் துணியோ, ஊசி போட்டு முடிச்சதும் போடுறதுக்கு மூடி உள்ள கெட்டி பிளாஸ்டிக் டப்பா. சிரிஞ்சு கவர் ஏற்கெனவே கிழிஞ்சிருந்தாலோ உள்ள ஈரமா இருந்தாலோ தூக்கிப் போட்டுருங்க.

ஸ்பிரிட் பஞ்சு டப்பாவைத் தூக்கிப் போடுங்க

ஒரு எவர்சில்வர் டப்பாவுல பஞ்சை உருட்டிப் போட்டு ஸ்பிரிட்டை ஊத்தி ஊறவச்சு, அதை வாரக்கணக்குல வச்சு எடுத்து எடுத்து துடைக்கிறது, நம்ம ஊர்ல சின்ன கிளினிக்ல இருந்து வீடு வரைக்கும் இதுதான் வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2010ல வெளியிட்ட ஊசி வழிகாட்டியிலயே இதை செய்யாதீங்கன்னு தெளிவா சொல்லிருக்காங்க. காரணம் ரெண்டு. ஒவ்வொரு தடவையும் விரல் உள்ள போகுது. அப்புறம் டப்பாவைத் திறக்கத் திறக்க ஸ்பிரிட் ஆவியாகி வீரியம் குறையுது, சில கிருமிங்களோட விதை மாதிரியான வடிவம் ஆல்கஹால்லயே சாகாம கிடக்கும். அதனால தனித்தனி ஸ்வாப்தான் நல்லது, விலை பெருசா இல்ல. அது கிடைக்காட்டி அந்த நேரத்துக்கு காஞ்ச பஞ்சுல பாட்டில்ல இருந்து நேரா ஊத்தி நனைச்சுக்கங்க.

வீரியம் கூட இருந்தா நல்லதுன்னு சுத்த ஆல்கஹால் தேடாதீங்க. 60 முதல் 70 சதவீதம்தான் சரியான அளவு, அதுல இருக்கிற தண்ணிதான் ஆல்கஹால் கிருமிக்குள்ள இறங்க உதவுது.

கை கழுவுறது

சோப்பு போட்டு 20 செகண்டாவது, விரல் இடுக்கு, நகக்கண், கட்டை விரல் எல்லாம். மோதிரம், வளையலைக் கழட்டிருங்க. ஓடுற தண்ணியில கழுவுங்க, வாளியில கை விட்டு அலசாதீங்க. கழுவுன பிறகு சுத்தமான துண்டுல நல்லா ஈரம் போகத் துடைங்க, சேலைத் தலைப்புலயோ வேட்டியிலயோ துடைச்சா கழுவுனது வீண். ஈரக் கையோட மருந்தைத் தொடக்கூடாதுங்கிறது ஏன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

மருந்தை எடுக்கிறது

வயல்னா மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைத் தட்டிவிட்டவுடனே ரப்பர் சுத்தமா இருக்கும்னு நெனச்சு நேரா குத்திடுறாங்க. அந்த ரப்பர் மேல்பக்கம் சுத்தமானதுன்னு யாரும் உத்தரவாதம் தரல. ஸ்வாப்பால தேய்ச்சு காயவிட்டுக் குத்துங்க. ஆம்பூல்னா தலையில தட்டி மருந்தைக் கீழ இறக்கி, கழுத்தை ஸ்வாப்பால துடைச்சு காயவிட்டு, காஸ் துணியைச் சுத்திப் பிடிச்சு உங்களுக்கு எதிர்ப்பக்கமா உடைங்க. கண்ணாடித் துகள் விழும், அதனால ஒரு சில செகண்டு விட்டு, வடிகட்டி ஊசி கிடைச்சா அதுல உறிஞ்சுங்க.

எண்ணெய் கெட்டியா இருக்கும்ங்கிறதால 18 இல்லாட்டி 20 நம்பர் தடி ஊசியில எடுத்துட்டு, போடுறதுக்கு வேற புது ஊசி மாட்டுங்க, பெரும்பாலும் 22, 23 நம்பர். ரப்பரைக் குத்துன ஊசி முனை மழுங்கியிருக்கும், கண்ணாடியை உரசியிருக்கும், எண்ணெய் பூசியிருக்கும், அதே ஊசியைச் சதையில இறக்குனா சதை கூடுதலா கிழியும், கிழிஞ்ச சதையில பழுக்கிற வாய்ப்பும் கூட. புது ஊசியோட தண்டு எதுலயும் படக்கூடாது, விரல் பட்டாலும் மேசையில பட்டாலும் மாத்திருங்க. வாயால ஊதுறது, முனையைப் பஞ்சால துடைக்கிறது, ரெண்டும் வேண்டாம்.

போடுற இடம்

பின்பக்கத்துல குத்துமதிப்பா போடுறது பழைய பழக்கம், அங்க காலுக்குப் போற சயாடிக்ங்கிற பெரிய நரம்பு ஓடுது, உள்பக்கமா கீழ இறங்கிட்டா கால் மரத்துப்போற அபாயம் இருக்கு. இப்ப இடுப்போட பக்கவாட்டுல, இடுப்பு எலும்புக்குக் கீழ இருக்கிற சதையைத்தான் நல்ல இடம்னு சொல்றாங்க, அங்க பெரிய நரம்பும் ரத்தக்குழாயும் இல்ல. தனக்குத்தானே போட்டுக்கிறவங்களுக்கு தொடையோட வெளிப்பக்கம், முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவுல உள்ள பகுதி சுலபம். தோள்பட்டையில 1 மில்லிக்கு மேல எண்ணெய் போடாதீங்க. எந்த இடம், எவ்வளவு நீள ஊசின்னு முதல் தடவை ஒரு நர்ஸ் கையால காட்டச் சொல்லிக் கத்துக்கங்க, அடுத்த தடவை நீங்க போடும்போது அவங்க பக்கத்துல இருக்கட்டும். படிச்சு மட்டும் கத்துக்கிற விஷயம் இல்ல இது, நான் எழுதுறதையும் சேத்துத்தான் சொல்றேன்.

ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் போடாதீங்க. இடது, வலது, இடுப்பு, தொடைன்னு மாத்தி மாத்தி, காலண்டர்ல குறிச்சு வைங்க. பரு, சிரங்கு, வேர்க்குரு, காயம், முன்னாடி போட்ட ஊசியோட கட்டி, புதுசா ஷேவ் பண்ண இடம், இங்கெல்லாம் வேண்டாம். கோடையில இடுப்புப் பட்டி இறுக்குற இடத்துல வேர்க்குரு கிடக்கும், நல்லா பாத்துக்கங்க.

தோல் அழுக்கா இருந்தா முதல்ல சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கணும், அழுக்கு மேல ஸ்பிரிட் போட்டா வேலைக்காகாது. அப்புறம் ஸ்வாப்பை நடுவுல இருந்து வெளிப்பக்கமா 30 செகண்டு துடைங்க, போன இடத்துக்கே திரும்ப வராதீங்க. அடுத்த 30 செகண்டு காயவிடுங்க. காயுறதுதான் முக்கியம், அதுலதான் கிருமி சாகுது, ஈரத்தோட குத்துனா எரிச்சலும் கூட. ஊதிக் காயவைக்காதீங்க, துடைச்ச இடத்தைத் திரும்ப விரலால தடவியும் பாக்காதீங்க.

தோலை ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சு, நேரா இறக்கி, பின்பக்கமோ இடுப்போன்னா சிரிஞ்சோட பிஸ்டனை லேசா இழுத்துப் பாத்து ரத்தம் வராட்டி மெதுவா போடுங்க, ஒரு மில்லிக்கு பத்து செகண்டு கணக்கு. ரத்தம் வந்தா எடுத்துட்டு எல்லாத்தையும் புதுசா ஆரம்பிங்க. முடிச்சதும் பத்து செகண்டு பொறுத்து ஊசியை எடுத்து, எடுத்த பிறகு இழுத்த தோலை விடுங்க, அப்பத்தான் எண்ணெய் வந்த வழியாவே கசியாம அடைபடும். காஞ்ச பஞ்சை வச்சு அழுத்துங்க. அந்தரா போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது, மருந்து வேகமா கரைஞ்சு மூணு மாசம் தாங்காமப் போயிரும்.

ஊசி போட்டு கொஞ்ச நேரத்துல திடீர்னு இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குறது வந்தா அது கிருமி இல்ல, எண்ணெய் ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போனதா இருக்கலாம். பெரும்பாலும் தானா அடங்கும், ஆனா அடங்கட்டும்னு வீட்டுல உக்காந்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இன்சுலினுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்ல. தோலுக்கு அடியில கொழுப்புலதான் போகுது, பழுக்கிறது ரொம்ப அபூர்வம். குளிச்ச சுத்தமான தோல், கழுவுன கை, புது நீடில், இடம் மாத்துறது, இது போதும். சட்டை மேலேயே குத்துறதை மட்டும் நிறுத்துங்க. தைப்பூசத்துக்கு குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடக்கிற இன்சுலின் அன்பர்கள், வழியில வேர்வையும் புழுதியுமா இருக்கும், சோப்பும் தனித்தனி ஸ்வாப்பும் எண்ணி எடுத்துட்டுப் போங்க, நீடிலும் நாளைக்கு எத்தனை வேணுமோ அதைவிட கூடவே வச்சுக்கங்க.

எது சாதாரணம், எது பழுக்குது

இதுலதான் எல்லாரும் குழம்புறாங்க. எண்ணெய் ஊசி போட்டா வலிக்கும், போட்ட அன்னைக்கு ராத்திரியும் மறுநாளும் கூடத் தெரியும், லேசா சிவக்கும், சுண்டைக்காய் அளவு கட்டி தட்டுப்படும், கன்னிப்போய் நீலமா கூட ஆகும். ஒவ்வொரு நாளும் முந்துன நாளைவிட குறைஞ்சுக்கிட்டே வந்தா பயப்பட ஒண்ணுமில்ல. புரோஜெஸ்டிரான் தினமும் போடுற பொண்ணுங்களுக்கு ரெண்டு பக்கமும் கட்டிகட்டியா வாரக்கணக்குல நிக்கும், சுடாத வெந்நீர்ப் பையைத் துணியில சுத்தி பத்து நிமிஷம் வச்சா இதமா இருக்கும். போட்ட கொஞ்ச நேரத்துலயே அரிப்பு, தடிப்பு தடிப்பா வந்தா அது அலர்ஜி பக்கம், முகம் உதடு வீங்கி மூச்சு முட்டுனா உடனே 108.

ரெண்டு மூணு நாளுக்கு அப்புறமும் வலி குறையாம கூடுனா அங்க கவனம் வேணும். தொட்டா அனல் அடிக்கிறது, சிவப்பு பரவுறது, விண்ணு விண்ணுன்னு தெறிக்கிறது, தொடை இடுக்குலயோ அக்குள்லயோ நெறி கட்டுறது, சிவப்பா கோடு மாதிரி மேல ஓடுறது, நடுவுல மெத்துனு ஆகுறது, சீழ் கசியுறது, காய்ச்சல், இதெல்லாம் கிருமியோட அடையாளம். பால்பாயின்ட் பேனாவால சிவப்போட விளிம்பைச் சுத்தி கோடு போட்டு நேரத்தை எழுதுங்க, கறுத்த தோல்ல சிவப்பு சரியா தெரியாது, அப்ப சூட்டையும் கெட்டிப்பட்ட விளிம்பையும் வச்சு கோடு போடுங்க. கோட்டைத் தாண்டுச்சுன்னா டாக்டருக்கு அதுவே பெரிய தகவல். போட்டோவும் எடுத்து வைங்க.

இன்னும் சிலது வந்தா ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் கிளம்பணும். குளிர்காய்ச்சல் நடுக்கம், படபடன்னு மூச்சு, மயக்கம், பேச்சு உளறல், வெளிய பாக்க சின்னதா இருக்க உள்ள தாங்க முடியாத வலி, தோல் கறுநீலமாகி கொப்புளம் கிளம்புறது. இது ரத்தத்துல பரவுறதாவோ சதையை அழிக்கிற வகையாவோ இருக்கலாம், மணிக்கணக்குல முத்தும். 108 கூப்பிடுங்க, விடியட்டும்னு பாக்காதீங்க.

பழுத்துருச்சுன்னா

பிதுக்காதீங்க, வீட்டு ஊசியால குத்தி சீழ் எடுக்காதீங்க, கிருமி இன்னும் ஆழமா போகும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு பத்து போடுறது, எருக்கிலையை வதக்கிக் கட்டுறது, வெங்காயம் சுட்டு வைக்கிறது, அப்பத்தா அன்போடதான் சொல்லுவாங்க, ஆனா சுண்ணாம்பு தோலைப் பொத்துப்போக வைக்கும், மஞ்சள் பூசுனா சிவப்பு எவ்வளவு பரவியிருக்குன்னு டாக்டருக்குத் தெரியாது, தெறிச்ச தோல் வழியா இன்னொரு கிருமியும் சேரும். மெடிக்கல்ல போய் "ஊசி போட்ட இடம் வீங்கிருக்குண்ணே, ஏதாவது குடுங்க"ன்னு கேட்டு ரெண்டு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுறதும் அப்படித்தான், கிருமி பாதி சாகும், வலி குறைஞ்ச மாதிரி இருக்கும், சீழை எடுத்து டெஸ்ட் பண்ணா எந்தக் கிருமின்னு சரியா காட்டாது.

தோல் மட்டும் சிவந்து வீங்கியிருந்தா பெரும்பாலும் மாத்திரையிலயே சரியாகும். சீழ் தேங்கிருச்சுன்னா மாத்திரை மட்டும் போதாது, அதைக் கீறி வெளியேத்தணும். ஆழத்துல இருக்கான்னு ஸ்கேன் எடுப்பாங்க. எடுக்கிற சீழை கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமின்னு வளத்துப் பாக்குற டெஸ்டுக்கு, அனுப்பச் சொல்லுங்க, கேக்கத் தயங்காதீங்க. சில சமயம் சீழ் மாதிரி வந்தும் கிருமியே இருக்காது, எண்ணெய்க்கு உடம்பு காட்டுற எதிர்ப்பா இருக்கும், அதையும் கல்ச்சர்லதான் பிரிக்க முடியும்.

பல வாரம் கழிச்சு வந்த கட்டி, காய்ச்சல் இல்ல, ஊதா கலர்ல இருக்கு, உடைஞ்சு கசியுது, ஆறுது, பக்கத்துல இன்னொண்ணு கிளம்புது, வழக்கமான ஆன்டிபயாட்டிக் ரெண்டு கோர்ஸ் முடிச்சும் போகலன்னா, "டாக்டர், இந்த இடத்துல இன்ன மாசம் ஊசி போட்டேன், டிபி வகைக் கிருமிக்கும் கல்ச்சர் பாக்கலாமா"ன்னு நீங்களே கேளுங்க. சாதாரண கல்ச்சர்ல அது தவறிப்போகலாம். அதுக்கு வேற மருந்து, மாசக்கணக்குல சாப்பிடணும், ஆனா குணமாகும்.

ஹார்மோனை நீங்களா நிறுத்தாதீங்க. இன்சுலினை நிறுத்துனா சர்க்கரை ஏறி புண்ணு இன்னும் மோசமாகும். கர்ப்பத்துக்காக புரோஜெஸ்டிரான் எடுக்கிறவங்களுக்கு உள்ள வைக்கிற மாத்திரையா மாத்தித் தர முடியும், டெஸ்டோஸ்டிரானும் ஜெல்லா இருக்கு, எழுதிக் கொடுத்த டாக்டருக்கு அன்னைக்கே போன் பண்ணுங்க. ஆறுற வரைக்கும் அந்தப் பக்கம் ஊசி வேண்டாம்.

கூச்சம்

குழந்தைக்காக ஊசி போடுறது ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு பின்பக்கம் பழுத்து காய்ச்சலோட ரெண்டு நாள் அடுப்படியில நின்னு சமைச்ச பொண்ணுங்க இருக்காங்க. டாக்டர்கிட்ட "முள்ளு குத்திருச்சு"ன்னு சொன்ன ஜிம் பசங்க இருக்காங்க. ஆஸ்பத்திரி வரிசையில கேலி பண்ணுவாங்கன்னு பயந்து தாங்களே கீறிக்கிட்ட திருநங்கைகள் இருக்காங்க. அவங்க பயம் பொய்னு நான் சொல்லமாட்டேன், முகம் சுளிக்கிற ஆளுங்க எங்க வேலையிலயும் இருக்கத்தான் செய்றாங்க, அது எங்க பக்கத்துத் தப்பு, நாங்கதான் திருத்தணும். தமிழ்நாட்டுல 2008லயே திருநங்கையர் நலவாரியம் வந்துருச்சு, அவங்களுக்கு மருத்துவம் பாக்கிறது எங்க கடமை, யாரும் போடுற பிச்சை இல்ல.

ஆனா முள்ளு குத்துச்சுன்னு சொன்னா டாக்டர் மேலோட்டமா பாத்து அனுப்பிருவாரு, எண்ணெய் ஊசின்னு சொன்னா ஆழத்துல தேடுவாரு. வாயால சொல்ல வரலைன்னா ஒரு துண்டுச்சீட்டுல எழுதி நீட்டுங்க: என்ன மருந்து, எந்தத் தேதி, எந்த இடம், யார் போட்டது, எப்ப வலி ஆரம்பிச்சுது, வேற என்ன மாத்திரை சாப்பிட்டீங்க. ஆம்பூலோட அட்டைப்பெட்டியையும் கையில எடுத்துட்டுப் போங்க. தனியா பேசணும்னு கேளுங்க, கூட வந்த மாமியாரை வெளிய உக்காரச் சொல்ல நர்ஸுக்குத் தெரியும். போறதா வேண்டாமான்னு முடிவுக்கு வர முடியாட்டி கவர்மென்ட் மருத்துவ ஆலோசனை நம்பர் 104க்கு போன் போட்டா ஆலோசனை சொல்லுவாங்க. காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியிலயே கட்டியைக் கீறுற வசதி இருக்கு, பெருசுன்னா சிவகங்கை மெடிக்கல் காலேஜுக்கோ மதுரைக்கோ அனுப்புவாங்க.

போட்ட ஊசியை என்ன பண்றது

திரும்ப மூடி போடாதீங்க, கையைக் குத்திக்கிறது அப்பத்தான். ஊசியோட அப்படியே கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடுங்க, தண்ணி பாட்டில் மெல்லிசு, அது வேண்டாம். டப்பா மேல "ஊசி இருக்கு, திறக்காதீங்க"ன்னு பெருசா எழுதி பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. ஊருணிக்கரையிலயோ குப்பைத் தொட்டியிலயோ வீசுனா குப்பை பிரிக்கிற அக்காங்க கையிலதான் ஏறும், மஞ்சக்காமாலை பி, சி, எச்ஐவி எல்லாம் அந்த வழியா பரவக்கூடியது. முக்கால்வாசி நிறைஞ்சதும் நீங்க ஊசி வாங்குற கிளினிக்கிலயோ ஆஸ்பத்திரியிலயோ கொடுத்து அவங்க மருத்துவக் கழிவோட சேத்துக்க முடியுமான்னு கேளுங்க, முதல் ஊசி வாங்குற அன்னைக்கே இதையும் கேட்டு வச்சுக்கிட்டா அப்புறம் அலைய வேண்டியதில்ல.